பிந்தி வரும் இலத்திரன்

ஹட்டனில் சனிக்கிழமை காலை, உயர்தர பௌதிகவியல் வகுப்பு. எக்ஸ் கதிர் எப்படிப் பிறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். நடுவில் கரு. சுற்றிலும் கே, எல், எம் என்று ஓடுகள். கே ஓட்டில் இருக்கும் ஓர் இலத்திரனைத் தட்டிவிட்டால் அங்கே ஒரு குழி விழும். மேல் ஓட்டிலிருந்து இன்னோர் இலத்திரன் அந்தக் குழிக்குள் இறங்கும். இறங்கும்போது மிஞ்சுகிற சக்தி எக்ஸ் கதிராக வெளியேறும். இல்லாவிட்டால் வேறோர் இலத்திரனைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளுப்பட்டுப் போவதை ஓகர் இலத்திரன் என்போம். இரண்டு அம்புக்குறிகள் போட்டேன். இரண்டும் வெளிநோக்கியவை.

பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். "சேர், அந்தச் சக்தி வெளியிலதான் போகணுமா? உள்ளுக்குப் போகாதா? கரு பக்கத்துலதானே இருக்கு."

"போகாது" என்றேன். கருவின் உலகம் வேறு, இலத்திரன்களின் உலகம் வேறு என்று ஒரு விளக்கமும் சொல்லி வைத்தேன். மழை இறங்கப் பார்த்தது. டிக்கோயா பக்கம் போகிற பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வகுப்பை முடித்துவிட்டேன்.

நான் சொன்னது பிழை. உள்ளேயும் போகும். தங்க அணுவில் அப்படிப் போகிறது என்று ஜப்பானில் 2000ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டு கோடித் தடவைக்கு ஒரு தடவை. இலங்கையின் சனத்தொகை இரண்டு கோடியைச் சற்றே தாண்டும். நாடு முழுவதும் வெளிவாசலால் போகும்போது ஒரே ஒருவர் மட்டும் உள்ளறைக் கதவைத் திறக்கிற கணக்கு அது. அந்த ஒருவரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று வாசித்தபோதுதான், அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்த பதில் எவ்வளவு அவசரமானது என்று உறைத்தது.

1973இல் ஒசாக்கா பல்கலைக்கழகத்தின் மசாத்தோ மொரித்தா இப்படி ஒரு வழி இருக்க வேண்டும் என்று கோட்பாட்டளவில் சொன்னார். இலத்திரன் பெயர்ச்சியால் கரு அருட்டப்படல் என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலச் சுருக்கம் 'நீட்'. இந்தியாவில் மருத்துவப் படிப்புக்கு எழுதும் சோதனைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இணையத்தில் தேடினால் அதுதான் வந்து விழும், அவ்வளவே. யுரேனியம்-235ஐப் பிரித்தெடுக்க இது உதவலாம் என்பது மொரித்தாவின் எண்ணம். அது நடக்கவில்லை. அவர் சுட்டிய வழி மட்டும் நிலைத்தது.

இந்த வழி திறப்பதற்கு இரண்டு பொருத்தங்கள் வேண்டும். இலத்திரன் இறங்கும்போது விடுகிற சக்தியும் கரு ஒரு படி ஏறுவதற்குக் கேட்கிற சக்தியும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். கைமாறுகிற கோண உந்தமும் இரு பக்கமும் ஒத்துவர வேண்டும். அணுக்களில் இந்த இரண்டும் சேர்ந்து அமைவது அரிது. தங்கத்தில் அமைந்திருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். தங்கத்தின் கே ஓட்டில் இலத்திரனைக் கட்டி வைத்திருக்கும் சக்தி 80.725 கிலோ இலத்திரன்வோல்ற்று (அணு அளவில் சக்தியை அளக்கும் அலகு இலத்திரன்வோல்ற்று; கிலோ என்றால் ஆயிரம்). எம் ஓட்டின் முதல் உபமட்டத்தில் அது 3.425. அங்கிருந்து கே குழிக்கு ஓர் இலத்திரன் இறங்கினால் மிஞ்சுவது 77.300. தங்கக் கருவின் முதலாவது அருட்டிய நிலை இருப்பது 77.351இல். ஓர் இலத்திரன்வோல்ற்றை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 77,351 ரூபாய் விலை போட்ட சாமானுக்குக் கையில் 77,300 ரூபாய் இருக்கிறது. 51 ரூபாய்தான் குறைவு.

நம்மூர்க் கடைக்காரர் என்றால் "பரவாயில்ல, பொறகு தாங்க" என்று விட்டுவிடுவார். கரு அப்படிப்பட்ட ஆள் இல்லை. அந்த அருட்டிய நிலையின் அரைவாழ்வு 1.91 நனோசெக்கன் (ஒரு செக்கனை நூறு கோடியாக வகுத்தால் ஒரு நனோசெக்கன்). அந்த ஆயுளிலிருந்து கணக்குப் போட்டால், மட்டத்தின் அகலம் ஓர் இலத்திரன்வோல்ற்றின் பத்து இலட்சத்தில் கால் பங்குக்குக் கிட்ட. நம் ரூபாய்க் கணக்கில், ஒரு சதத்தை நாற்பதாயிரம் துண்டாக வெட்டினால் ஒரு துண்டு. அதற்கு மேல் கூடக்குறைய எதையும் கரு ஏற்காது. இலத்திரன்களின் பக்கமோ ஒரே கலங்கல். கே ஓட்டில் விழுந்த குழி வெகு சீக்கிரம் நிரம்பிவிடுவதால், அதன் இயற்கை அகலம் 54 இலத்திரன்வோல்ற்று வரை விரிந்து கிடக்கிறது. கையிலிருக்கும் காசே 54 ரூபாய் முன்பின். இந்தக் கலங்கலின் ஓரத்தில்தான் 51 ரூபாய் இடைவெளி தாண்டப்படுகிறது. அந்த 51ஐக் கடைசியில் யார் கட்டுகிறார் என்பதற்குப் பிறகு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

இடையில் ஒரு சிறு செய்தி. தங்கத்துக்கு நிலையான சமதானி ஒன்றே ஒன்றுதான்: தங்கம்-197. ஆராய்ச்சிக்கூடத்துத் தகட்டில் இருப்பதும், அம்மாவின் தோட்டில் இருப்பதும், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்காக அடகுக்கடையில் மாறி மாறிப் படுத்துக்கிடக்கும் அந்த ஒரு சோடி வளையலில் இருப்பதும் ஒரே கரு. பரிசோதனைக்கு இது பெரிய வசதி. பிரித்தெடுக்கவோ செறிவாக்கவோ ஒன்றுமில்லை. மெல்லிய தகடு கிடைத்தால் போதும்.

இனிக் குழி வெட்டும் வேலை. கே ஓட்டிலிருந்து இலத்திரனைப் பெயர்க்க 80.725 கிலோ இலத்திரன்வோல்ற்றுக்கு மேற்பட்ட எக்ஸ் கதிர் வேண்டும். ஆசுபத்திரி எக்ஸ் கதிர்க் குழாயிலும் அந்த அளவுச் சக்தி வரும். ஆனால் அதில் எல்லாச் சக்தியும் கலந்து வரும், ஓயாமலும் வரும். இந்தப் பரிசோதனைக்கு வேண்டியது ஒரே சக்தியுள்ள கதிர். அதுவும் துடிப்புத் துடிப்பாக, ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இருட்டாக.

அதைத் தருவது சிங்குரொத்திரன். இலத்திரன்களை ஒளியின் வேகத்துக்கு மிகக் கிட்டக் கொண்டுபோய் வளையத்தில் ஓடவிட்டால், திருப்பங்களில் அவை ஒளியைச் சிந்தும். இலத்திரன்களின் சக்தி கூடக் கூட, சிந்துகிற ஒளியில் கடினமான எக்ஸ் கதிரின் பங்கும் கூடும். எண்பது கிலோ இலத்திரன்வோல்ற்றுக்கு மேல் தாராளமாகக் கதிர் தரும் வளையங்கள் உலகில் சிலவே. நமக்குக் கிட்ட இந்தியாவின் இந்தோரில் இருக்கும் இண்டஸ்-2 நல்ல வளையந்தான். ஆனால் அது 2.5 ஜிகா இலத்திரன்வோல்ற்றில் ஓடுவது. ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் 1997இல் திறக்கப்பட்ட ஸ்பிரிங்-8 ஓடுவது 8 ஜிகா இலத்திரன்வோல்ற்றில்.

அந்த வளையம் ஒரு குன்றைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. சுற்றளவு 1,436 மீற்றர். படத்தைப் பார்த்தபோது எனக்குத் தெமோதரைதான் நினைவுக்கு வந்தது. அங்கே ரயில்பாதை மலையைச் சுற்றி இறங்கித் தன் ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்தால் நுழைந்து போகும். அந்தச் சுற்றை முடிக்க ரயில் எடுக்கும் நேரம் ஏறியவர்களுக்குத் தெரியும். ஸ்பிரிங்-8இல் இலத்திரன்கள் குன்றை ஒரு செக்கனில் இரண்டு இலட்சம் தடவைக்கு மேல் சுற்றுகின்றன.

ரயில் உவமை இன்னொரு விதத்திலும் பொருந்தும். இலத்திரன்கள் தண்ணீர் ஓடுவதுபோல் இடைவெளியில்லாமல் ஓடுவதில்லை. பெட்டி பெட்டியாக, கட்டுக் கட்டாகப் போகின்றன. ஸ்பிரிங்-8ஐ இயக்கும் முறைகளில் ஒன்றில் 203 கட்டுகளைச் சம தூரத்தில் ஓட விடுவார்கள். 1,436 மீற்றரை 203ஆல் வகுத்தால் ஒரு கட்டுக்கும் அடுத்ததற்கும் ஏழு மீற்றர். ஒளி அதைக் கடக்க 23.6 நனோசெக்கன். ஒவ்வொரு கட்டும் தரும் எக்ஸ் கதிர்த் துடிப்பு சில பத்துப் பிக்கோசெக்கனுக்குள், அதாவது நனோசெக்கனின் ஆயிரத்தில் சில பத்துப் பங்குக்குள், முடிந்துவிடும். பிறகு 23 நனோசெக்கனுக்கு இருட்டு. தங்கக் கருவின் அரைவாழ்வை அந்த இருட்டுக்குள் பன்னிரண்டு தடவை அடுக்கலாம். துடிப்பு வந்து போன பிறகு தங்கத்துக்குள் என்ன மிச்சம் என்று பார்க்க அது தாராளமான நேரம்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குக் காலைப் பிரட்டு தெரியும். கொம்பு ஊதியதும் ஆட்கள் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, ஆளை எண்ணி, மலைக்கு அனுப்பி முடித்த பிறகு ஒருவர் தனியாக மூச்சு வாங்க ஓடி வந்தால், அவரை எண்ணுவதற்குப் பேர் கூப்பிட வேண்டியதில்லை. பிரட்டுக் களம் வெறுமையாக இருக்கிறது, ஓர் ஆள் நிற்கிறார், அவ்வளவுதான். நூறு பேர் நிற்கும்போது அந்த ஒருவர் நடுவில் நின்றிருந்தால் தெரிந்திருக்காது.

தங்கத் தகட்டில் எக்ஸ் கதிர் விழுந்த கணத்தில் நூறு பேர் இல்லை, கோடிக்கணக்கானோர். ஒளிமின் விளைவால் பிய்ந்து வரும் இலத்திரன்கள், ஓகர் இலத்திரன்கள், சிதறிய கதிர், மறுபடி பிறந்த கதிர். இவை எல்லாம் அந்தக் கணத்திலேயே வந்து முடிந்துவிடுகின்றன. கே குழியின் ஆயுள் ஏறத்தாழ 1.2ஐ ஒரு கோடி கோடியாலும் பிறகு ஆயிரத்தாலும் வகுத்த அளவு செக்கன். இந்த எண்ணை வாயால் சொல்லி எனக்கே விளங்குவதில்லை. இப்படிச் சொல்கிறேன்: குழியின் ஆயுளை ஒரு செக்கனாக நீட்டினால், அருட்டிய கருவின் அரைவாழ்வு ஐந்து வருடமாக நீளும். நிரம்ப வேண்டிய குழிகள் எல்லாம் நிரம்பி, ஊர் அடங்கி, ஐந்து வருடம் கழித்து வாசலில் ஓர் ஆள் வந்து நிற்கிறார்.

அந்த ஆள் யார்? கரு அருட்டிய நிலையிலிருந்து இறங்கும்போது காமாக் கதிரை விடலாம், அல்லது தன் சொந்த அணுவின் ஓர் இலத்திரனுக்கு அந்தச் சக்தியைக் கொடுத்து வெளியே எறியலாம். இரண்டாவதற்கு அகமாற்றம் என்று பெயர். தங்கத்தின் இந்த நிலையில் அகமாற்றம்தான் பெரும்பங்கு. ஐந்தில் நான்கு தடவை இலத்திரன் வரும், ஒரு தடவை காமா வரும். ஆகவே இலத்திரனைத் தேடுவது இலாபம். அதோடு வேறொரு காரணமும் உண்டு. அந்தக் காமாவின் சக்தி 77.35. தங்கத்தின் வழக்கமான எக்ஸ் கதிர்க் கோடுகள் இரண்டு 77.6இலும் 78.0இலும் இருக்கின்றன. காமாவைத் தேடப் போனால், ஒரே உடுப்புப் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குள் ஒரு பிள்ளையைத் தேடுவதாக முடியும்.

இலத்திரனின் சக்தியும் கணக்கில் வந்துவிடும். கே ஓட்டு இலத்திரனை எறியக் கருவிடம் போதிய சக்தி இல்லை, 77.351 ஆல் 80.725ஐக் கட்ட முடியாது. அடுத்தது எல் ஓடு. அதன் உள்மட்டத்தின் கட்டுச் சக்தி 14.353. 77.351இலிருந்து கழித்தால் 63. ஆக, 63 கிலோ இலத்திரன்வோல்ற்றுக்குக் கிட்டச் சக்தியுள்ள இலத்திரன், துடிப்புக்குச் சில நனோசெக்கன் பிந்தி வர வேண்டும்.

சக்தியை மட்டும் பார்த்துப் பிடிக்க முடியாதா என்று கேட்கலாம். கஷ்டம். பரிசோதனையில் விட்ட எக்ஸ் கதிர் 80.989. அது நேரடியாக எல் ஓட்டிலிருந்து பிய்த்தெறியும் ஒளியிலத்திரனின் சக்தி 66.6. நாம் தேடுவது 63. தகட்டுக்குள்ளிருந்து வெளியே வரும் வழியில் இலத்திரன்கள் சக்தியை இழந்துகொண்டே வருவதால் 66.6இல் கிளம்பியது 63ஆக வந்து நிற்கும். முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது. வந்த நேரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நேரத்தைப் பார்க்கும் கருவி சிலிக்கன் இருவாயி. சாதாரண இருவாயி இல்லை. உள்ளே ஓரிடத்தில் மின்புலம் மிகக் கடுமையாக இருக்கும்படி செய்தது. உள்ளே நுழைந்த இலத்திரன் பெயர்க்கும் மின்னேற்றங்கள் அந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொன்றும் வேகம் பிடித்து, மோதி, இன்னொன்றைப் பெயர்க்கும், அது இன்னொன்றை. பனிச்சரிவின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். பனிச்சரிவு நாம் காணாதது. மண்சரிவு கண்டிருக்கிறோம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் என்ன நடந்தது என்று மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேலே ஒரு கல் அசைந்தது கீழே எப்படி வந்து சேரும் என்று நமக்குத் தெரியும்.

இந்த இருவாயியின் பெருமை பெருக்குவதில் மட்டும் இல்லை, சீக்கிரம் ஓய்வதிலும் இருக்கிறது. துடிப்பின் முதல் வெள்ளத்தை வாங்கிய பிறகு ஒரு சில நனோசெக்கனுக்குள் அடங்கி, அடுத்து வருகிற ஒற்றை இலத்திரனை எண்ணத் தயாராகிவிட வேண்டும். பல கருவிகள் இந்த இடத்தில் தோற்றுவிடும்; வெள்ளத்தின் கிறக்கம் தெளிவதற்குள் 1.91 நனோசெக்கன் அரைவாழ்வுக்காரர் வந்து போயிருப்பார். இன்னொரு வசதி, சிலிக்கன் இலேசான மூலகம். எண்பது கிலோ இலத்திரன்வோல்ற்று எக்ஸ் கதிர் மெல்லிய சிலிக்கனை அனேகமாகத் தொடாமலே கடந்து போய்விடும். 63 கிலோ இலத்திரன்வோல்ற்று இலத்திரனோ சில பத்து மைக்ரோமீற்றருக்குள் நின்று தன் சக்தியைக் கொட்டிவிடும். கதிர் வெள்ளத்தைக் கண்டுகொள்ளாமல் இலத்திரனை மட்டும் கண்டுகொள்கிற கண். கே.ஈ.கே. என்ற ஜப்பானிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஷுன்ஜி கிஷிமோத்தோ இப்படிப்பட்ட கண்டறிவிகளைச் செய்வதில் வருடக்கணக்காக உழைத்தவர். தங்கப் பரிசோதனையை நடத்திய குழுவின் முதல் பெயரும் அவருடையதே. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கோட்பாடு 27 வருடமாகக் காத்திருந்தது இப்படி ஒரு கருவிக்காகத்தான்.

என்ன எண்ணிக்கை எதிர்பார்க்கலாம் என்று ஒரு கணக்கு. செக்கனுக்கு ஆயிரம் கோடிக் கே குழிகள் வெட்டுகிறோம் என்று வைப்போம். இரண்டு கோடிக்கு ஒன்று என்றால் 500 கருக்கள் அருட்டப்படும். ஐந்தில் நான்கு, அதாவது 400, இலத்திரனாக இறங்கும். தங்கம் அடர்த்தியானது, இந்தச் சக்தியுள்ள இலத்திரன் அதற்குள் சில மைக்ரோமீற்றர்தான் நகரும். ஆழத்தில் பிறந்தவை அங்கேயே அடங்கிவிடும். மேற்பரப்பில் பிறந்தவற்றிலும் பாதி உட்பக்கம் பார்த்துப் போகும். மீதியில் கண்டறிவி இருக்கும் திசைக்கு வருபவை ஒரு பங்கு. கருவி தெளிவதற்கு இரண்டு அரைவாழ்வு நேரம் போனால், அதற்குள் நான்கில் மூன்று பங்கு முடிந்திருக்கும். 400 என்று தொடங்கியது ஒற்றை இலக்கத்துக்கு, அதற்கும் கீழே வந்துவிடும். தகட்டையும் கண்டறிவியையும் வெற்றிடக் கலத்துக்குள் வைக்கிறார்கள். வழியில் காற்றுக்கும் ஒரு பங்கு கொடுக்கக் கட்டுபடியாகாது.

எண்ணிக்கை இவ்வளவு சிறிதானால் அடுத்து வருவது கொழுந்து மடுவத்துக் கேள்வி. தராசில் விழுந்ததில் கொழுந்து எவ்வளவு, கூடை எவ்வளவு, ஈரம் எவ்வளவு? நான் சின்ன வயதில் அம்மாவோடு மடுவத்தில் நின்றிருக்கிறேன். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் ஈரத்துக்கு என்று ஒரே அளவைக் கழிப்பார்கள். அம்மா ஒருநாள் கேட்டார்: "வெயில் நாள்ல எங்கயிருந்துங்க ஈரம்?" பதில் வரவில்லை. கழிக்க வேண்டியது நியாயம். எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் அளந்து கழிக்க வேண்டும். பரிசோதனைக்கூடத்தில் இந்த விதியை மீறினால் அடுத்த குழு வந்து மானத்தை வாங்கிவிடும்.

இங்கே ஈரம் எங்கிருந்து வரலாம்? மிக மோசமானது வளையத்திலிருந்தே வருவது. கட்டுகளுக்கு இடையில் இருட்டு என்றேன். உண்மையில் வளையத்தில் 2,436 இருக்கைகள் உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 1.97 நனோசெக்கன். 203 இருக்கைகளில் மட்டும் ஆட்களை ஏற்றிவிட்டு மற்றவை காலி என்று நினைப்போம். ஆனால் சில இலத்திரன்கள் வழுக்கிப் பின் இருக்கையில் போய் உட்கார்ந்துவிடும். அவை தரும் எக்ஸ் கதிர் சரியாக 1.97 நனோசெக்கன் பிந்தித் தகட்டில் விழும், வழக்கமான ஒளியிலத்திரனைப் பிய்க்கும், அது பிந்தி வந்த ஆள் போலக் கண்டறிவியில் நிற்கும். நாம் தேடுகிற நிகழ்வே கோடிக்கு அரை என்ற அளவில் இருக்கும்போது, இருக்கைகளின் சுத்தம் அதைவிடப் பல மடங்கு கறாராக இருக்க வேண்டும். இந்தத் துறையில் வளையத்தை ஓட்டுபவர்கள் சும்மா மின்சாரம் கொடுப்பவர்கள் அல்லர்; அவர்களும் பரிசோதனையின் ஒரு பகுதி.

அடுத்த காவல், பிந்தி வந்தவை தேய்கிற விதம். உண்மையாகக் கருவிலிருந்து வந்தவை என்றால் அவற்றின் எண்ணிக்கை 1.91 நனோசெக்கனுக்கு ஒருமுறை பாதியாக வேண்டும். வேறு எந்தக் கழிவுக்கும் அந்தக் குறிப்பிட்ட தாளம் வராது.

சரி, நிகழ்தகவுக்கு எப்படிப் போவது? கண்டறிவியின் திறன், தகட்டின் தடிப்பு, இலத்திரன்கள் தப்பும் பங்கு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தால் பிழை பெருகும். அவர்கள் செய்தது வேறு. அதே தகடு, அதே கண்டறிவி. முதலில் எக்ஸ் கதிரை நேரே 77.351இல் வைத்தார்கள். அப்போது இலத்திரன்களின் தயவு இல்லாமலே கரு கதிரை நேரடியாகப் பரிவில் விழுங்கும். அந்த விழுங்கலின் அளவு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தது. பிறகு கதிரை 80.989க்கு ஏற்றினார்கள். இப்போது கருவுக்குச் சக்தி போகும் வழி குழிதான். இரண்டு எண்ணிக்கைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால், தெரியாத காரணிகள் பெரும்பாலும் இரு பக்கமும் வெட்டுப்பட்டுவிடும். சந்தையில் படிக்கல்லில் சந்தேகம் என்றால் இரண்டு சாமானையும் அதே தராசில் போட்டுப் பார்ப்பதுதானே.

கிடைத்த விடை: பத்துக் கோடிக்கு 5.0, கூடக்குறைய 0.6. கோட்பாட்டுக் கணிப்புகள் நான்குக்குக் கிட்ட இருந்தன. இவ்வளவு அபூர்வமான ஒன்றில் கோட்பாடும் அளவையும் இவ்வளவு நெருங்கி வருவது அடிக்கடி நடப்பதில்லை.

இனி அந்த 51 ரூபாய். கருவுக்கு 77,351 வேண்டும், இறங்குகிற இலத்திரன் தருவது 77,300. சக்திக் காப்பு விதி சதக்கணக்கிலும் விட்டுக்கொடுக்காது. மீதியைக் கட்டுவது, முதலில் குழியை விட்டு வெளியே போன ஒளியிலத்திரன். அது தன் இயக்க சக்தியில் அவ்வளவைக் குறைத்துக்கொண்டு போகிறது. குழி விழுந்தது, நிரம்பியது, கரு ஏறியது என்று நாம் மூன்றாகப் பிரித்துச் சொல்வதெல்லாம் நம் வசதிக்காக. இயற்கைக்கு அது ஒரே கொடுக்கல் வாங்கல். அப்படியானால் ஒன்று நடக்க வேண்டும். எக்ஸ் கதிரின் சக்தி கே ஓட்டு விளிம்பை, அதாவது இலத்திரனைப் பெயர்க்கத் தேவையான 80.725ஐ, மட்டும் எட்டினால் குழிகள் விழும், ஆனால் கரு ஏறாது. 51ஐக் கட்ட யாரிடமும் காசு இல்லை. கதிரின் சக்தியை இன்னும் கொஞ்சம் ஏற்றிய பிறகுதான் கருவின் கதவு திறக்க வேண்டும்.

2006இல் கிஷிமோத்தோ குழு அதை அளந்து வெளியிட்டது. கதிரின் சக்தியைச் சிறிது சிறிதாக விளிம்புக்கு மேல் நகர்த்திப் பார்த்தார்கள். பிந்தி வரும் இலத்திரன்கள் தலைகாட்டத் தொடங்கிய இடம் கே விளிம்புக்கு 40 இலத்திரன்வோல்ற்று மேலே, கூடக்குறைய 2. கணக்கில் வந்த 51 அப்படியே இல்லை, ஆனால் விளிம்புக்கு மேலேதான். அந்த எழுச்சியும் கே குழியின் 54 அகலத்துக்குப் பரவிக் கிடக்காமல் அதைவிட எவ்வளவோ செங்குத்தாக இருந்தது. குழியின் கலங்கல் இடையில் வந்து போகிற ஒன்று. கடைசிக் கணக்கில் அது இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. நிகழ்தகவும் மறுபடி அளக்கப்பட்டது: பத்துக் கோடிக்கு 4.5, கூடக்குறைய 0.6.

தங்கத்துக்கு முன்பு எல்லோரும் ஓசுமியம்-189ஐத்தான் துரத்தினார்கள். காரணம் விளங்கக்கூடியது. ஓசுமியத்தில் ஏறிய கரு, இறங்கும் வழியில் ஆறு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான அரைவாழ்வுள்ள ஒரு நிலையில் தங்கி நிற்கக்கூடும். கதிரை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்தும் எண்ணலாம். 1970களில் ஒசாக்காவில் நடந்த முதல் பரிசோதனைகளில் நிகழ்தகவு பத்து இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் கிடைத்தது. பிறகு ஒவ்வொரு குழு அளக்கும்போதும் எண் சரிந்துகொண்டே வந்தது. 2000இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுக்கூடத்தில் ஒரே சக்தியுள்ள கதிரால் அளந்தபோது, நூறு கோடிக்கு 0.9ஐவிடக் குறைவு என்று எல்லை மட்டும் போட முடிந்தது. பழைய பரிசோதனைகளில் கலப்புச் சக்திகள் உள்ளே போயிருந்தன. அவை வேறு உயர்ந்த மட்டங்களை நேரடியாக ஏற்றி, அங்கிருந்து அதே நீண்ட நிலைக்கு இறக்கியிருந்தன. சக்திப் பொருத்தமும் அங்கே மோசம். இடைவெளி 51 ரூபாய் இல்லை, 1,285 ரூபாய். ஆறு மணித்தியாலம் ஆறுதலாக எண்ணக் கிடைத்தும் பிழைத்தது. ஒளி 57 சென்ரிமீற்றர் போகிற நேரத்துக்குள் எண்ண வேண்டியிருந்தது சரியாக வந்தது. பின்னர் இரிடியம்-193இலும் கிஷிமோத்தோ குழு இந்த வழியைக் கண்டது. நூறு கோடிக்கு மூன்றுக்குக் கிட்ட.

இந்த வித்தையின் அடுத்த கிளை நம் மலைகளின் ஓரத்தை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போகிறது. 1904இல் ஆனந்த குமாரசுவாமி, கலை வரலாற்றாசிரியராக உலகம் அறியும் முன்பு கனிமவியலாளராக இருந்தவர், பலாங்கொடைப் பகுதியின் இரத்தினக்கல் மணலிலிருந்து கிடைத்த கனமான கறுப்புக் கற்களைக் கவனித்தார். அது தோரியனைட். அடுத்த வருடமே லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுக்கூடத்தில் ஓட்டோ ஹான் அந்த இலங்கைக் கனிமத்தில் இருந்து ரேடியோதோரியம் என்ற கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டார். இப்போது உலகம் துரத்துவது தோரியம்-229. அதன் கருவில் வெறும் 8.4 இலத்திரன்வோல்ற்றில் ஓர் அருட்டிய நிலை இருக்கிறது. நம் கணக்கில் எட்டு ரூபாய் நாற்பது சதம். லேசரால் தொடக்கூடிய ஒரே கரு மட்டம் என்பதால் அதை வைத்துக் கடிகாரம் செய்யப் பார்க்கிறார்கள். 2016இல் ஜெர்மனியின் மியூனிக்கில் அந்த நிலையின் இறக்கத்தை முதன்முதலில் நேரடியாகக் கண்டதும் அகமாற்ற இலத்திரனைப் பிடித்துத்தான். 2019இல் ஸ்பிரிங்-8இல் 29.19 கிலோ இலத்திரன்வோல்ற்று எக்ஸ் கதிரால் அதன் மேல்மட்டத்துக்கு ஏற்றி, அங்கிருந்து இந்த நிலைக்கு இறங்க வைத்தார்கள். அந்த மேல்மட்டத்தின் அரைவாழ்வு 82 பிக்கோசெக்கன். தங்கத்தைவிட இருபது மடங்குக்கு மேல் அவசரக்காரர். பிடித்தது மறுபடியும் பிந்தி வந்ததை எண்ணித்தான். லேசர் நேரடியாகத் தொட்டது 2024இல்.

"அப்ப எங்கட பலாங்கொடைத் தோரியத்தில கடிகாரம் செய்யலாமே" என்று கேட்கத் தோன்றும். முடியாது. மண்ணில் இருப்பது தோரியம்-232. 229 வேண்டுமென்றால் யுரேனியம்-233 சிதைந்து வரக் காத்திருக்க வேண்டும்.

அகமாற்றத்துக்கு எதிர்வழியும் உண்டு: வெளியிலிருந்து வரும் இலத்திரன் அணுவின் வெற்று மட்டத்தில் வந்து விழும்போது கருவை ஏற்றுவது. 2018இல் ஆர்கோனில் மொலிப்தினம்-93இல் இதைக் கண்டதாக அறிவித்தார்கள். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில். அடுத்த வருடம் வந்த கோட்பாட்டுக் கணக்கு கோடிக்கணக்கான மடங்கு குறைவாகச் சொன்னது. 2022இல் சீனாவின் லான்ஷோவில் வேறு முறையில் தேடிப் பார்த்தார்கள், காணவில்லை. ஓசுமியத்தின் கதையை வாசித்தவனுக்கு எந்தப் பக்கம் சாயத் தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பந்தயம் கட்ட மாட்டேன். ஒரு தரம் "போகாது" என்று சொல்லி மாட்டிக்கொண்டவன்.

அடுத்த சனிக்கிழமை அதே படத்தை மறுபடி வரைந்தேன். மூன்றாவது அம்புக்குறியைக் கருவை நோக்கிப் போட்டேன். அதே பிள்ளை, "சேர், மற்ற ரெண்டு அம்பும் இதே நீளத்துல இருக்கே?" என்றாள். உள்நோக்கிய அம்பை ஒரு மில்லிமீற்றராக வைத்தால் வெளிநோக்கியவை இரண்டையும் சேர்த்து எவ்வளவு நீளம் போட வேண்டும் என்று அவளையே கணக்குப் பார்க்கச் சொன்னேன். இருபது கிலோமீற்றர் வந்தது. ஹட்டனிலிருந்து நேர்கோடு போட்டால் கிட்டத்தட்ட நுவரெலியா.